முதல் அறிக்கையில் தொடங்கும் நம்பிக்கை: சமூக ஊடகக் காலத்தில் மக்கள் தொடர்பு

2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, சனிக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் புறப்பட்ட எம்.எச்.370 விமானம் காலை 6.30 மணிக்கு பெய்ஜிங்கில் தரையிறங்கியிருக்க வேண்டும். வரவில்லை. காலை 7.24 மணிக்கு மலேசியா ஏர்லைன்ஸ் தனது முதல் அறிக்கையை வெளியிட்டது. அதிகாலை 2.40 மணிக்கு விமானத்துடனான தொடர்பு துண்டிக்கப்பட்டதாக அதில் கூறப்பட்டிருந்தது. பின்னர் அந்த நேரம் 1.30 எனத் திருத்தப்பட்டது. விமானியறையிலிருந்து கடைசிக் குரல் கேட்டது 1.19 மணிக்கு என்பதும் பிறகு தெரிய வந்தது.

ஒரு மணி நேரத்திற்கும் மேற்பட்ட அந்த வேறுபாடு சமூக ஊடகங்களில் பேசப்பட்டது. முதல் அறிக்கையைப் படித்தவர்கள் பல லட்சம் பேர். திருத்தத்தைக் கவனித்தவர்களோ மிகக் குறைவு. நேரத்தையே சரியாகச் சொல்ல முடியாதவர்கள் வேறு எதை மறைக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. அந்தச் சந்தேகம் இன்றுவரை முழுமையாக நீங்கவில்லை.

மக்கள் தொடர்பு என்ற துறை சமூக ஊடகக் காலத்தில் எப்படி மாறியிருக்கிறது என்பதை அறிய, நம் நாட்டில் நடந்த இந்நிகழ்வை விடத் தெளிவான பாடம் இல்லை எனலாம். பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, ஆலய நிர்வாகங்கள், பொது இயக்கங்கள், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், சிறு கடைக்காரர்கள் என அனைவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

மக்கள் தொடர்பு என்றால் என்ன?

விளம்பரமும் மக்கள் தொடர்பும் ஒன்றல்ல. விளம்பரத்தில் காசு கொடுத்து இடம் வாங்கி, நாம் விரும்பியதைச் சொல்கிறோம். மக்கள் தொடர்பில், ஓர் அமைப்பு தன்னை நம்பியிருப்பவர்களிடம் தன் செயல்களை விளக்குகிறது. அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக் கொள்கிறது. பேசுவதும் கேட்பதும் சேர்ந்ததுதான் இத்துறை. நடைமுறையில் பல நிறுவனங்கள் பேசுவதை மட்டுமே செய்து வந்தன.

இத்துறையின் தொடக்கம் ஒரு விபத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்தது. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்துகளை மூடி மறைப்பதே அக்கால ரயில் நிறுவனங்களின் வழக்கம். ஐவி லீ என்ற ஆலோசகர் அதற்கு நேர்மாறாகச் செய்தார். தெரிந்த தகவல்களை எழுதிச் செய்தியாளர்களுக்குக் கொடுத்தார். அவர்களை விபத்து நடந்த இடத்திற்கே அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். முதல் ஊடக அறிக்கை என்று பரவலாகக் கூறப்படுவது அதுவே.

மலேசியாவில் 1962ஆம் ஆண்டு இத்துறையினருக்கான மலேசிய மக்கள் தொடர்புக் கழகம் அமைக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் இப்பணி ஒரே முறையில்தான் நடந்தது. அறிக்கையைத் தட்டச்சு செய்வது, தொலைநகலில் அனுப்புவது, நாளிதழ் அலுவலகங்களுக்கு அழைத்துக் கிடைத்ததா என்று கேட்பது, தேவைப்பட்டால் செய்தியாளர் கூட்டம் கூட்டுவது. மாலை வரை யோசிக்கலாம். மறுநாள் காலைதான் மக்கள் படிப்பார்கள். தவறு இருந்தால் நிருபர் அழைத்துக் கேட்பார். திருத்திக் கொள்ள அவகாசம் இருந்தது.

மாறியவை என்ன?

முதலாவது, அந்த அவகாசம் போய்விட்டது. சம்பவ இடத்தில் இருப்பவரின் கைப்பேசி, நிறுவனத்தின் அறிக்கையை முந்திக் கொள்கிறது. அதிகாரி கூட்டம் முடிந்து வெளியே வருவதற்குள் காணொலி பல புலனக் குழுக்களைச் சுற்றி வந்துவிடும்.

இரண்டாவது, இடையில் நின்ற செய்தி ஆசிரியர் இல்லாமலே செய்தி பரவுகிறது. நிறுவனம் நேரடியாக மக்களிடம் பேசலாம் என்பது வசதி. மக்களும் நேரடியாக, அனைவர் முன்னிலையிலும், நிறுவனத்திடம் கேள்வி கேட்கலாம் என்பது அதன் மறுபக்கம்.

மூன்றாவது, பேச்சாளர் ஒருவர் மட்டும் இல்லை. கடை ஊழியர், காவலாளி, ஓட்டுநர், தொண்டூழியர் என ஒவ்வொருவரும் அந்த அமைப்பின் முகமாகிவிடுகிறார். ஊழியர்களுக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லாத நிறுவனத்தைப் பற்றி, அவர்கள் தாங்களே ஊகித்துச் சொல்வார்கள்.

நான்காவது, அழித்தாலும் அழியாது. பதிவை நீக்கும் முன்பே யாராவது அதைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். விளக்கம் இல்லாமல் நீக்குவது, தவறை ஒப்புக் கொள்வதை விட மோசமாகப் பேசப்படும்.

ஐந்தாவது, மௌனமும் ஓர் அறிக்கையாகவே எடுத்துக் கொள்ளப்படுகிறது. முன்பு "கருத்துக் கூற விரும்பவில்லை" என்றால் அது செய்தியின் கடைசி வரியில் வரும். இப்போது அதுவே தலைப்பாகிவிடுகிறது.

எம்.எச்.370: பல குரல்கள், பல பதில்கள்

காணாமற்போன விமானம் எங்கே என்று யாருக்கும் தெரியாத நிலையில் பேச வேண்டியிருந்தது என்பதை முதலில் ஒப்புக் கொள்ள வேண்டும். விமான நிறுவனங்கள் மிக அரிதாகவே சந்திக்கும் சூழல் அது. ஆனாலும் சில தவறுகள் தவிர்க்கக் கூடியவை.

விமான நிறுவனம், சிவில் விமானப் போக்குவரத்துத் துறை, ஆகாயப் படை, அமைச்சு எனப் பலர் தனித்தனியே பேசினர். விமானம் திசை திரும்பி மலாக்கா நீரிணை வரை சென்றது ரேடாரில் தெரிந்ததாக ஆகாயப் படைத் தளபதி கூறினார் என்று உள்ளூர் நாளிதழ் ஒன்று செய்தி வெளியிட்டது. அவர் அப்படிக் கூறவில்லை என மறுத்தார். சில நாள்களில், மார்ச் 15ஆம் தேதி, விமானம் மேற்கே திரும்பியதைப் பிரதமர் நஜிப் ரசாக் உறுதிப்படுத்தினார்.

விமானியறையிலிருந்து வந்த கடைசி வார்த்தைகள் குறித்தும் இதே குழப்பம். "ஆல் ரைட், குட் நைட்" என்று முதலில் சொல்லப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின், அது "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ" என்று திருத்தப்பட்டது. பொருளில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அதற்குள் அந்த முதல் வாக்கியத்தை வைத்து விமானியின் மனநிலையைப் பற்றி இணையத்தில் கதை கதையாக எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தினர் பட்ட வேதனையை எந்தத் திருத்தமும் ஈடு செய்யாது.

மார்ச் 24ஆம் தேதி இரவு, விமானம் தென் இந்தியப் பெருங்கடலில் முடிவுற்றதாகப் பிரதமர் அறிவித்தார். அதற்குச் சற்று முன்பு, பயணிகளின் குடும்பத்தினர் சிலருக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி சென்றது. யாரும் உயிர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பதே அதன் சாரம். பெரும்பாலான குடும்பங்களுக்கு நேரிலும் தொலைபேசியிலும் சொன்னதாகவும், செய்தி வெளியாகும் முன் அனைவரையும் எட்ட வேண்டும் என்பதற்காகவே குறுஞ்செய்தியும் அனுப்பியதாகவும் நிறுவனம் விளக்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த விளக்கத்தை விட, கைப்பேசித் திரையில் தெரிந்த மரணச் செய்தியின் படமே உலகம் முழுவதும் பரவியது. எதைச் சொல்கிறோம் என்பதோடு எந்த வழியில் சொல்கிறோம் என்பதும் செய்திதான்.

அதே ஆண்டு ஜூலை 17ஆம் தேதி எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். இதில் நிறுவனத்தின் குற்றம் இல்லை. ஆனால் இரு மாதங்கள் கூட ஆகாத நிலையில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வாடிக்கையாளர்களுக்கு அது ஒரு போட்டி வைத்தது. இறப்பதற்குமுன் பார்த்துவிட ஆசைப்படும் இடங்கள் எவை என்ற பொருள்படும் தலைப்பு அதற்கு. கண்டனம் எழுந்ததும் தலைப்பு மாற்றப்பட்டது. நவம்பரில், எங்காவது செல்ல ஆசையா, எங்கே என்று தெரியவில்லையா என்ற தொனியில் டுவிட்டரில் ஒரு விளம்பரப் பதிவு வந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இரண்டும் வேறு எந்த விமான நிறுவனம் வெளியிட்டிருந்தாலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். விற்பனைப் பிரிவும் மக்கள் தொடர்புப் பிரிவும் ஒன்றோடொன்று பேசாத இடத்தில்தான் இப்படி நடக்கும்.

ஏர் ஆசியா: தலைவரின் குரல்

2014ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசியா ஏர் ஆசியாவின் கியூ.இசட்.8501 விமானம் ஜாவா கடலில் விழுந்தது. அதில் இருந்த 162 பேரும் மாண்டனர்.

ஏர் ஆசியா குழுமத்தின் தலைவர் டோனி பெர்னாண்டஸ் அன்றே சுராபாயாவுக்குச் சென்றார். தம் டுவிட்டர் கணக்கில் தாமே எழுதினார். இது தம் வாழ்வின் மிக மோசமான கனவு என்றார். குடும்பங்களிடம் பேசினார், ஊழியர்களுக்கு ஆறுதல் சொன்னார், நிறுவனத் தலைவர் என்ற முறையில் தாம் பொறுப்பேற்பதாகச் சொன்னார். நிறுவனத்தின் சிவப்புச் சின்னம் சமூக ஊடகங்களில் சாம்பல் நிறமானது. விமானப் பணிப்பெண் ஒருவரின் இறுதிச் சடங்கிலும் அவர் கலந்து கொண்டார்.

மக்கள் தொடர்பு வகுப்புகளில் இது இன்றும் நல்ல முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. சொன்னது ஒரு குரல். சொன்னவர் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. எழுத்தில் மனிதர் ஒருவர் தெரிந்தார். சட்ட ஆலோசகர் எழுதித் தந்த நடை தெரியவில்லை.

இரு சம்பவங்களையும் அப்படியே ஒப்பிடுவது நியாயம் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏர் ஆசியா விமானத்தின் பாகங்கள் இரண்டே நாளில் கிடைத்தன. மலேசியா ஏர்லைன்ஸ் அதிகாரிகளிடம் குடும்பங்களுக்குக் காட்ட எதுவும் இருக்கவில்லை.

இக்கதையின் இறுதிப் பகுதி பலருக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் இந்தோனேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. விமானத்தின் வால்பகுதிச் சுக்கானைக் கட்டுப்படுத்தும் கருவியில், மின்னணுப் பலகையின் பற்றவைப்பு ஒன்றில் விரிசல் இருந்தது. அக்கருவி முந்திய 12 மாதங்களில் 23 முறை கோளாறு காட்டியிருந்தது. அன்று அக்கோளாறு மீண்டும் மீண்டும் வந்தபோது விமானிகள் எடுத்த நடவடிக்கையும், அதன்பின் விமானத்தைக் கட்டுக்குள் கொண்டுவர முடியாமற் போனதும் விபத்துக்குக் காரணங்களாயின.

மிகச் சிறந்த மக்கள் தொடர்பு ஒரு பற்றவைப்பு விரிசலைச் சரி செய்யாது. துயரத்தில் இருப்பவர்களுக்கு மரியாதை செய்ய அது உதவும். உண்மை வெளிவரும் வரை நம்பிக்கையைக் காக்க உதவும். அதற்குமேல், பராமரிப்புக் கூடத்தில் செய்ய வேண்டிய வேலையை அங்கேதான் செய்ய வேண்டும். இத்துறையில் சேர விரும்பும் நம் மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

பெருந்தொற்றுக் காலம் காட்டிய இரு வழிகள்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அப்போது சுகாதாரத் தலைமை இயக்குநராக இருந்த டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா, நாள்தோறும் மாலை செய்தியாளர்களைச் சந்தித்தார். எண்ணிக்கைகளை அமைதியாக வாசித்தார். அதே தகவல் முகநூலிலும் டெலிகிராமிலும் வந்தது. "மாலையில் சொல்வார்கள்" என்று மக்கள் காத்திருக்கப் பழகியதால், இடையில் வந்த வதந்திகளைச் சரிபார்க்க ஓர் இடம் இருந்தது. செய்தி நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொன்ன நேரத்தில் வர வேண்டும்.

அதே மாத இறுதியில் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு சமூக ஊடகங்களில் சில சுவரொட்டிகளை வெளியிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யும் மனைவியர் ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், கணவரிடம் டோராமோன் குரலில் பேச வேண்டும் என்பது போன்ற ஆலோசனைகள் அவற்றில் இருந்தன. நாட்டுக்கு வெளியிலும் கேலிக்குள்ளாகி, அமைச்சு அவற்றை நீக்கி மன்னிப்புக் கேட்டது. ஊரடங்கில் குடும்ப வன்முறை பற்றி உலகமே கவலைப்பட்ட நேரம் அது. வெளியிடும் முன் அலுவலகத்திலிருந்த பெண்கள் சிலரிடம் காட்டியிருந்தால் போதும். இந்தச் சிக்கல் வந்திருக்காது.

சட்டம் சொல்வது

தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998இன் 233ஆம் பிரிவு, இணையத்தில் பொய்யான, ஆபாசமான, மிரட்டலான பதிவுகளை இடுவதைக் குற்றமாக்குகிறது. 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அபராதம் 5 லட்சம் வெள்ளி வரையிலும் சிறைத் தண்டனை 2 ஆண்டுகள் வரையிலும் விதிக்கப்படலாம். 2025 ஜனவரி முதல், நாட்டில் 80 லட்சத்திற்கும் அதிகமான பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் வந்தது. வதந்திகளைச் சரிபார்க்க, 2017இல் தொடங்கப்பட்ட "செபெனார்ஞா" என்ற அரசாங்க இணையத்தளம் உள்ளது.

சட்டம் இருக்கிறது என்பதற்காக, குறை சொன்ன வாடிக்கையாளர் மீது உடனே போலீஸ் புகார் கொடுப்பது நல்ல மக்கள் தொடர்பு ஆகாது. பொய்யைத் தண்டிக்கச் சட்டம் உதவலாம். நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர அதனால் இயலாது.

நம் அமைப்புகள் செய்யக் கூடியவை

ஓர் ஆலயத்தில் அன்னதானம் சாப்பிட்ட சிலருக்கு உடல்நலம் கெடுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் புலனத்தில் குரல் பதிவுகள் வரத் தொடங்கும். பத்துப் பேர் என்பது நூறு பேர் ஆகும். நிர்வாகம் என்ன செய்வது? எல்லா விவரமும் தெரியும் வரை காத்திருக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

முதல் அறிக்கை முழுமையாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாக இருந்தால் போதும். இப்படி எழுதலாம்:

"இன்று மதியம் நம் ஆலயத்தில் உணவருந்திய பக்தர்கள் சிலருக்கு உடல்நலம் பாதிக்கப்பட்டுள்ளது. அவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளனர். காரணம் இன்னும் தெரியவில்லை. சுகாதார அலுவலகத்திற்குத் தகவல் கொடுத்துள்ளோம். எஞ்சிய உணவை வழங்குவதை நிறுத்திவிட்டோம். பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கோருகிறோம். அடுத்த தகவலை இன்றிரவு 8 மணிக்கு இதே பக்கத்தில் வெளியிடுவோம்."

இதில் ஆறு கூறுகள் உள்ளன: என்ன நடந்தது, யாருக்கு உதவி கிடைத்தது, என்ன தெரியவில்லை, என்ன செய்தோம், வருத்தம், அடுத்து எப்போது பேசுவோம். கடைசிக் கூறுதான் முக்கியமானது. 8 மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், அதையே 8 மணிக்குச் சொல்ல வேண்டும்.

வேறு சில நடைமுறைகளையும் முன்கூட்டியே வகுத்துக் கொள்ளலாம்.

* பேசுபவர் யார் என்பதை அமைதியான காலத்திலேயே முடிவு செய்யுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் மூன்று விதமாகப் பேசினால் எம்.எச்.370 கால நிலைதான்.

* முகநூல் பக்கத்தின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஈராண்டுகளுக்கு முன் பதவி விலகியவரிடம் இருக்கவே கூடாது.

* பாதிக்கப்பட்டவரின் குடும்பத்திற்கு முதலில் நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். பொது அறிவிப்பு அதன் பிறகுதான்.

* தவறு நேர்ந்தால், "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று எழுதாதீர்கள். புண்பட்டவர்கள் எதிரில் நிற்கிறார்கள். எது தவறு, இனி எப்படி நடக்கும் என்று எழுதுங்கள்.

* திருத்தம் செய்தால், திருத்தினோம் என்று அதே பதிவில் குறிப்பிடுங்கள். ஓசையின்றி மாற்றாதீர்கள்.

* துயரச் செய்தி வெளியாகும் நாளில், முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த விளம்பரப் பதிவுகளை நிறுத்துங்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டில் நடக்கும் பல நெருக்கடிகளின்போது அறிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்துவிடும்; தமிழில் வர நேரமாகும், அல்லது வராமலே போகும். அந்த இடைவெளியில், தமிழ் மட்டுமே வாசிக்கும் நம் பெரியவர்களுக்குக் கிடைப்பது யாரோ அனுப்பிய குரல் பதிவுதான். தமிழரைப் பெருமளவில் வாடிக்கையாளராகவோ ஊழியராகவோ கொண்ட நிறுவனங்கள், தமிழ் அறிக்கையையும் அதே நேரத்தில் வெளியிட வேண்டும் என்று நாம் கேட்கலாம். தமிழறிந்த மக்கள் தொடர்பு அதிகாரிகளுக்கு அங்கே வேலையும் இருக்கிறது.

1906இல் ஐவி லீ செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்திற்கு அழைத்துச் சென்றார். இன்று யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கைப்பேசியோடு மக்கள் முன்பே அங்கு நிற்கிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டதும் நாம் எழுதுவதும் ஒத்துப் போகிறதா என்பதே இப்போது கேள்வி. உங்கள் ஆலயம், சங்கம், கடை எதுவானாலும், முதல் அறிக்கையை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது என்பதை அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே முடிவு செய்து வைப்பது நல்லது.